செராம்பூர் கல்லூரி: பட்டம் பெறாதவர்கள் தொடங்கிய பட்டக் கல்லூரி

தமிழ்நாட்டில் சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சபைகளில் ஆயர்களாக இருப்பவர்களின் பெயருக்குப் பின்னால் பி.டி. என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மதுரையில் படித்திருக்கலாம், சென்னையில் படித்திருக்கலாம், பெங்களூரில் படித்திருக்கலாம். ஆனால் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அதில் இருக்கும் பெயர் செராம்பூர். மேற்கு வங்காளத்தில், கொல்கத்தாவுக்குச் சற்று வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் ஒரு நடுத்தர ஊர் அது. வங்காளிகள் ஸ்ரீராம்பூர் என்பார்கள். இந்தியா முழுவதும் உள்ள இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்கும் உரிமை அந்த ஊருக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்வியைத் தேடிப் போனால் ஒரு சுவையான வரலாறு கிடைக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். செராம்பூர் அப்போது ஆங்கிலேயர் ஊர் அல்ல. 1755 முதல் அது டென்மார்க்கின் வசம் இருந்தது. தங்கள் அரசர் பெயரால் அதற்கு பிரெடரிக்ஸ்நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் தரங்கம்பாடியும் டேனிஷ்காரர்களின் ஊர்தான் என்பது நினைவிருக்கலாம். 1706-ல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது டென்மார்க் அரசர் அனுப்பித்தான். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அவர், 1716-ல் உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க அங்கே ஒரு பள்ளியையும் தொடங்கினார். அதாவது, மிஷனரிகளுக்கு இடம் கொடுப்பதும் அவர்கள் தொடங்கும் கல்விச்சாலைகளுக்கு ஆதரவு தருவதும் டேனிஷ் அரசுக்குப் புதிதல்ல.

ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனி அப்படி இல்லை. மிஷனரிகள் வந்து மதத்தைப் பேசினால் மக்கள் கொதித்து எழுவார்கள், வியாபாரம் கெடும் என்று அது பயந்தது. அதனால் 1793-ல் வங்காளம் வந்த வில்லியம் கேரி, ஒரு அவுரித் தொழிற்சாலையில் மேலாளராக வேலை பார்த்துக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டியிருந்தது. 1799 அக்டோபரில் ஜோஷுவா மார்ஷ்மேன், வில்லியம் வார்டு முதலானோர் வந்தபோது அவர்கள் கம்பெனியின் எல்லைக்குள் இறங்கவில்லை, நேராக செராம்பூருக்குப் போய்விட்டார்கள். டேனிஷ் கவர்னர் ஓலே பீ அவர்களை ஏற்றுக்கொண்டு, கம்பெனி அதிகாரிகளிடம் விட்டுக்கொடுக்காமல் நின்றார். 1800 ஜனவரியில் கேரியும் அங்கே வந்து சேர்ந்தார். 'செராம்பூர் மூவர்' என்று பின்னாளில் பெயர் பெற்ற கூட்டணி இப்படித்தான் உருவானது.

இந்த மூவரின் பின்னணியைக் கவனிக்க வேண்டும். கேரி செருப்புத் தைக்கும் தொழில் கற்றவர். மார்ஷ்மேன் நெசவாளி மகன், பள்ளி ஆசிரியர். வார்டு அச்சுத் தொழிலாளி, பத்திரிகையும் நடத்தியவர். மூவரும் பாப்டிஸ்டுகள். மூவரில் ஒருவர்கூடப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர் இல்லை. வசதி இல்லை என்பது மட்டும் காரணமல்ல. அன்றைய இங்கிலாந்தில் இருந்தவை ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்ற இரண்டே பல்கலைக்கழகங்கள். அரசாங்கச் சபையான ஆங்கிலிக்கன் சபையின் கோட்பாடுகளை ஏற்றுக்கொள்பவர்களுக்குத்தான் அங்கே பட்டம். பாப்டிஸ்டுகள் போன்ற பிரிந்த சபையார் எவ்வளவு படித்தாலும் வெளியேதான். அந்தத் தடை முழுவதும் நீங்க 1871 வரை ஆனது. பின்னால் அமெரிக்காவில் உள்ள பிரவுன் பல்கலைக்கழகம் கேரிக்கும் மார்ஷ்மேனுக்கும் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. சொந்த நாடு கொடுக்கவில்லை.

செராம்பூரில் அவர்கள் ஒரே குடும்பமாக, ஒரே பணப்பெட்டியோடு வாழ்ந்தார்கள். கொல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரி வங்காளி, சமஸ்கிருதம், மராத்தி கற்பித்தார். மாதச் சம்பளம் ஆரம்பத்தில் 500 ரூபாய், பிறகு 1000. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. மார்ஷ்மேனும் அவர் மனைவி ஹன்னாவும் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிகள் நடத்தினார்கள். வார்டு அச்சகத்தைக் கவனித்தார். மூன்று வழியிலும் வந்த பணம் பொதுப்பெட்டிக்குப் போனது. தங்கள் செலவுக்கு ஒரு சிறு தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அச்சுக்கும் பள்ளிகளுக்கும் செலவிட்டார்கள். 1801-ல் வங்காளிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதன் பின் மொழிபெயர்ப்புகள் வரிசையாக வந்தன. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வேலைகளில் ராம்ராம் பாசு, மிருத்யுஞ்ஜய வித்யாலங்கார் போன்ற பண்டிதர்களின் பங்கும், எழுத்துருக்களை வெட்டிக் கொடுத்த பஞ்சானன் கர்மகாரின் பங்கும் மிகப் பெரியது. புகழ் எல்லாம் மூவருக்கே போய்விட்டது.

ஊழியம் வளர வளர ஒரு விஷயம் தெளிவானது. ஐரோப்பாவிலிருந்து பத்து, இருபது பேர் கப்பலேறி வந்து இந்த நாடு முழுவதும் பிரசங்கம் செய்ய முடியாது. வெயிலும் காய்ச்சலும் காலராவும் வந்தவர்களில் பலரை முதல் வருடங்களிலேயே கொண்டு போயின. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மொழியையே பேசுகிறவர்கள் போதகர்களாக வேண்டும் என்றால் அவர்களைப் படிக்க வைக்க ஒரு இடம் வேண்டும். 1818 ஜூலை 15 அன்று கல்லூரியின் திட்ட அறிக்கை வெளியானது. ஆசியாவின் கிறிஸ்தவ இளைஞர்களுக்கும் பிற இளைஞர்களுக்கும் கீழ்த்திசை இலக்கியமும் ஐரோப்பிய அறிவியலும் கற்பிக்கும் கல்லூரி என்று அதற்கு நீளமாகப் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயரில் "பிற இளைஞர்களுக்கும்" என்பதையும் "அறிவியலும்" என்பதையும் சாதாரணமாகக் கடந்து போய்விடக் கூடாது. போதகர்களை உருவாக்கும் கல்லூரி என்றால் பைபிளை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாதா? மூவரும் போதாது என்றார்கள். உள்ளூர்ப் போதகர் ஒருவர் சமஸ்கிருத பண்டிதருக்கு முன்னால் சமமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் அவருக்குச் சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டும். கிரகணம் ஏன் வருகிறது என்று கேட்டால் வானசாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சமஸ்கிருதம், வங்காளி, வானியல், புவியியல், பிறகு வேதியியல் எல்லாம் பாடத்தில் சேர்ந்தன. கல்லூரி தொடங்கியபோது சேர்ந்த மாணவர்கள் 37 பேர். அவர்களில் 19 பேர் உள்ளூர்க் கிறிஸ்தவர்கள், மற்றவர்கள் இந்துக்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்தக் கொள்கைக்கு முதல் சோதனை அமெரிக்காவிலிருந்து வந்தது. கல்லூரிக்கு நிதி திரட்ட வார்டு இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போயிருந்தார். அமெரிக்காவில் சுமார் 10,000 டாலர் சேர்ந்தது. ஆனால் கொடுத்தவர்களில் சிலர் ஒரு நிபந்தனை போட்டார்கள். பணத்தை இறையியல் கற்பிக்க மட்டுமே செலவிட வேண்டும், அறிவியலுக்கு ஒரு காசும் போகக் கூடாது! இதைக் கேட்ட கேரிக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு குறுகிய மனதை நான் பார்த்ததே இல்லை, உங்கள் ஊரில் போதகர்களை அறிவியல் வாசனையே இல்லாமல்தான் வளர்க்கிறீர்களா என்ற பொருளில் அவர் பதில் எழுதினார். நன்கொடை கொடுப்பவரிடம் இப்படிப் பேச ஒரு துணிச்சல் வேண்டும். சொந்தச் சம்பாத்தியத்தில் கல்லூரி நடத்தியவர்கள் என்பதால்தான் அந்தத் துணிச்சல் வந்தது என்று நினைக்கிறேன்.

அறிவியல் கற்பிக்க 1821-ல் ஸ்காட்லாந்திலிருந்து ஜான் மேக் வந்தார். வேதியியல் பாடங்களை நடத்தியதோடு வங்காளியிலேயே ஒரு வேதியியல் நூலும் எழுதி 1834-ல் வெளியிட்டார். இதற்குள் ஆற்றங்கரையில் கல்லூரிக் கட்டிடமும் எழுந்துவிட்டது. முன்னால் பெரிய தூண்கள், உள்ளே இருபுறமும் ஏறும் இரும்புப் படிக்கட்டு. ஆற்றின் எதிர்க்கரையில் பாரக்பூரில் கவர்னர் ஜெனரலின் மாளிகை. அங்கிருந்து பார்த்தால் தெரியும்படியான கட்டிடம். ஒரு காலத்தில் மிஷனரிகளை நாட்டுக்குள் விடாத கம்பெனியின் கவர்னர் ஜெனரலான ஹேஸ்டிங்ஸ் பிரபுவே கல்லூரியின் புரவலராக இருக்கச் சம்மதித்தார்.

எல்லாம் நன்றாகப் போவது போலத் தெரிந்த நேரத்தில், 1823-ல் வார்டு காலராவில் இறந்து போனார். மூவரில் முதலில் போனவர் அவர்தான்.

இப்போது சாசனத்துக்கு வருவோம். மார்ஷ்மேன் 1826-ல் ஐரோப்பா போனார். டென்மார்க்குக்கும் போய் அரசரைச் சந்தித்தார். ஆறாம் பிரெடரிக் அரசருக்குச் செராம்பூர் மேல் ஏற்கெனவே அன்பு உண்டு. மூவருக்கும் தங்கப் பதக்கம் அனுப்பியிருந்தார். 1827 பிப்ரவரி 23 அன்று அவர் கல்லூரிக்கு ஒரு அரச சாசனம் வழங்கினார். அதன்படி கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களைப் போலவே செராம்பூர் கல்லூரியும் பட்டங்கள் வழங்கலாம். சொந்த நாட்டில் பட்டம் வாங்கவே தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட சபையைச் சேர்ந்தவர்கள், வேறொரு நாட்டு அரசரிடமிருந்து பட்டம் வழங்கும் உரிமையையே பெற்றுவிட்டார்கள். லண்டன் பல்கலைக்கழகம் சாசனம் பெற்றது 1836-ல்தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். 1833-ல் எழுதப்பட்ட கல்லூரி விதிகள், சாதியோ நிறமோ நாடோ எவருக்கும் சேர்க்கைத் தடையாகக் கூடாது என்று வைத்தன. ஆக்ஸ்போர்டின் கதவு அடைபட்டதை அனுபவித்தவர்கள் எழுதிய விதி அது.

ஆனால் சாசனம் கிடைத்தது, உடனே பட்டமளிப்பு விழா நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த உரிமையைப் பயன்படுத்த 88 வருடம் ஆனது!

காரணங்கள் பல. 1827-லேயே செராம்பூர்க்காரர்களுக்கும் லண்டனில் இருந்த பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்துக்கும் இடையே உறவு முறிந்தது. சொத்து யாருடையது, கணக்கை யார் யாருக்குக் காட்டுவது என்பதுதான் சண்டை. தாங்களே சம்பாதித்துக் கட்டியதற்குத் தாங்களே பொறுப்பு என்றார்கள் மூத்தவர்கள். புதிதாக வந்த இளம் மிஷனரிகள் அதை ஒப்புக்கொள்ளாமல் முன்பே பிரிந்து கொல்கத்தாவுக்குப் போயிருந்தார்கள். இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று சொல்வது கடினம். ஆனால் மார்ஷ்மேன் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. அடுத்து 1830-ல் கொல்கத்தாவின் பெரிய வணிக நிறுவனமான பாமர் கம்பெனி திவாலானது. அதன் பின்னால் மற்ற நிறுவனங்களும் சரிந்தன. வங்கிகள் போலச் செயல்பட்ட இந்த நிறுவனங்களில் போட்டிருந்த மிஷன் பணம் போனது. கேரியின் வருமானமும் அதே காலத்தில் குறைந்தது. 1834-ல் கேரியும் 1837-ல் மார்ஷ்மேனும் இறந்தார்கள்.

இன்னொரு காரணம் காலத்தின் போக்கு. 1830-ல் ஸ்காட்லாந்து மிஷனரி அலெக்சாண்டர் டஃப் கொல்கத்தாவில் ஆங்கிலவழிப் பள்ளியைத் தொடங்கினார். 1835-ல் மெக்காலேயின் குறிப்பு வந்தது. அரசாங்க வேலைக்கு ஆங்கிலம் என்று ஆனபின், வங்காளியிலும் சமஸ்கிருதத்திலும் அறிவியல் கற்பிக்கும் செராம்பூர் முறைக்குக் கூட்டம் எப்படி வரும்? மக்கள் மொழியில் உயர்கல்வி என்ற கேரியின் எண்ணம் தோற்றதா, தள்ளிப்போனதா என்று இன்றும் விவாதிக்கலாம்.

மார்ஷ்மேனின் மகன் ஜான் கிளார்க் மார்ஷ்மேன் தன் கைப்பணத்தைப் போட்டுக் கல்லூரியை இழுத்துக்கொண்டு போனார். 1845-ல் டென்மார்க் செராம்பூரையும் தரங்கம்பாடியையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. ஊர் கைமாறினால் டேனிஷ் அரசர் கொடுத்த சாசனத்துக்கு என்ன மதிப்பு? நல்லவேளையாக, கல்லூரியின் உரிமைகள் அப்படியே தொடரும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார்கள். அந்தச் சில வரிகள் இல்லையென்றால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

1856-ல் கல்லூரி மீண்டும் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தின் கைக்கு வந்தது. அடுத்த வருடமே கொல்கத்தா பல்கலைக்கழகம் தொடங்கப்பட, செராம்பூர் அதனோடு இணைந்துகொண்டது. சொந்தமாகப் பட்டம் கொடுக்க உரிமை உள்ள கல்லூரி, வேறு பல்கலைக்கழகத்தின் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்தது! வேலை கிடைக்கும் பட்டம் எது என்று மாணவர்களுக்குத் தெரியும் அல்லவா. 1883-ல் அதுவும் நின்றது. மிஷன் பணத்தைப் பொதுக்கல்விக்குச் செலவிடலாமா என்ற அந்தப் பழைய அமெரிக்கக் கேள்வி திரும்ப வந்து, கலைப்பிரிவு மூடப்பட்டது. கிறிஸ்தவ ஊழியர்களுக்கான பயிற்சிப் பள்ளியாகக் கல்லூரி சுருங்கியது. கேரி கோபித்துக்கொண்ட நிபந்தனை அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவர் கல்லூரியிலேயே நிறைவேறியது.

சாசனத்துக்கு உயிர் கொடுத்தவர் ஜார்ஜ் ஹோவெல்ஸ். வேல்ஸ் நாட்டுக்காரர், ஒரிசாவில் மிஷனரியாக இருந்தவர். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செராம்பூரின் முதல்வரானார். அவர் யோசித்தது எளிமையான விஷயம். இந்தியாவில் அரசாங்கம் தொடங்கிய பல்கலைக்கழகங்கள் மத விஷயத்தில் நடுநிலை என்பதால் அவற்றில் இறையியல் துறை கிடையாது. ஒரு இந்தியர் இறையியலில் பட்டம் பெற வேண்டும் என்றால் கடல் கடந்து போக வேண்டும். ஆனால் செராம்பூரின் அலமாரியிலோ பட்டம் வழங்கும் உரிமை தூங்கிக்கொண்டிருக்கிறது. ஏன் எழுப்பக் கூடாது?

1910-ல் உயர்நிலை இறையியல் பிரிவு தொடங்கியது. 1911-ல் கலைப்பிரிவும் கொல்கத்தா பல்கலைக்கழக இணைப்போடு திரும்ப வந்தது. 1915 டிசம்பர் 4 அன்று முதன்முதலாகச் சாசனத்தின்படி பி.டி. பட்டம் வழங்கப்பட்டது. பெற்றவர்கள் மூன்றே பேர். ஹோவெல்ஸ் அதோடு நிற்கவில்லை. பாப்டிஸ்டுகள் மட்டும் இந்த உரிமையை வைத்துக்கொண்டால் பயன் இல்லை, மற்ற சபைகளும் பங்குபெற வேண்டும் என்று முயன்றார். 1918-ல் வங்காளச் சட்டசபை செராம்பூர் கல்லூரிச் சட்டத்தை நிறைவேற்றியது. கல்லூரியின் நிர்வாகக் குழு பல சபையாருக்கும் திறக்கப்பட்டது. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள செனட் என்ற தனி அமைப்பு உண்டானது. என் கணிப்பில், 1818-க்கு அடுத்தபடி முக்கியமான வருடம் இந்த 1918-தான். தன் கையில் இருந்த அதிகாரத்தை ஒரு சபை தானாகவே மற்றவர்களோடு பங்குபோட்டுக்கொண்டது சாதாரண விஷயமா?

அதன்பின் மற்ற ஊர்க் கல்லூரிகள் ஒவ்வொன்றாக இணைந்தன. 1910-ல் தொடங்கிய பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி, கொல்கத்தாவின் ஆங்கிலிக்கன் நிறுவனமான பிஷப்ஸ் கல்லூரி, சென்னையில் லுத்தரன்களின் குருகுலம், கேரளத்தில் மார்த்தோமா, ஆர்த்தடாக்ஸ் சபையாரின் கல்லூரிகள் என்று பட்டியல் நீளும். பெங்களூர்க் கல்லூரியின் ஆரம்ப கால முதல்வர்களில் ஒருவரான லார்சன் டென்மார்க்கைச் சேர்ந்தவர், தமிழ் பைபிளைத் திருத்தி மொழிபெயர்த்தவர் என்பது ஒரு பொருத்தமான தற்செயல். இலங்கையில் பிலிமத்தலாவையில் 1963-ல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியும் செராம்பூரோடு இணைந்ததுதான். அங்கே சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கிறார்கள். இன்று செனட்டோடு இணைந்த நிறுவனங்கள் ஐம்பதுக்கும் மேல்.

மொழி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வங்காளியில் வேதியியல் எழுதிய கல்லூரியின் பெயரில் வழங்கப்பட்ட பி.டி. படிப்பு, நெடுங்காலம் ஆங்கிலப் படிப்பாகவே இருந்தது. கிராமத்துச் சபைக்குப் போகப் போகிறவர் ஆங்கிலத்தில் தேர்வெழுதிவிட்டு, பிரசங்கத்தைத் தமிழில் தேட வேண்டிய நிலை. 1969-ல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழ்வழியில் பி.டி. கற்பிப்பதால் பெயர் பெற்றது. அங்கே படித்து முடிப்பவர்களுக்கும் பட்டம் வருவது செராம்பூரிலிருந்துதான்.

அதே 1969-ல் இந்திய அஞ்சல் துறை செராம்பூர் கல்லூரியின் நினைவாக ஒரு தபால்தலை வெளியிட்டது. 2018-ல் கல்லூரி தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியது. ஆற்றங்கரைத் தூண்களும் இரும்புப் படிக்கட்டும் இன்னும் இருக்கின்றன. கேரியின் பெயரில் நூலகமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஒரே வளாகத்தில் வணிகவியலோ இயற்பியலோ படிப்பவருக்குக் கொல்கத்தா பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. இறையியல் வகுப்பில் இருப்பவருக்கு 1827-ல் கோபன்ஹேகனில் கிடைத்த உரிமையின்படி செராம்பூரின் செனட் பட்டம் தருகிறது. மாணவர்களில் பெரும்பாலோர் முதல் வகையினர்தான்.